பேக்ரப்பின் பேரப்பிள்ளைகள்

கூகுள் தேடுபொறியாகப் பிறக்கவில்லை. பேக்லிங்க் பார்க்கும் கருவியாகத்தான் பிறந்தது. தளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களிடம் சொன்னாலும் "அப்படியா?" என்றுதான் கேட்கிறார்கள். "இலவச பேக்லிங்க் செக்கர்" என்று இன்றைக்கு எத்தனையோ தளங்கள் கடை விரித்திருக்கின்றன. எதை நம்பலாம், எதன் வாசற்படியை மிதிக்கக்கூடாது என்பது இந்தப் பிறந்த கதை தெரிந்தால் பாதி விளங்கிவிடும்.

என் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு நான் ஓர் இணைப்பு போடுகிறேன். எனக்கு அது லிங்க், உங்களுக்கு அது பேக்லிங்க். தமிழில் பின்னிணைப்பு என்று எழுதினால் புத்தகத்தின் கடைசியில் வரும் சமாச்சாரம் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். அதனால் பேக்லிங்க் என்றே இருக்கட்டும்.

நான் அப்படி இணைப்பு போட்டது உங்களுக்குத் தெரியாது. வலையை அப்படித்தான் கட்டினார்கள். டிம் பெர்னர்ஸ்-லீ 1980-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது 'என்கொயர்' என்றொரு சிறு நிரல் எழுதினார். அதற்குள் ஒரு குறிப்பை இன்னொன்றோடு இணைத்தால் இரண்டிலும் அந்த இணைப்பு தெரியும். 1989-ல் அவர் முன்மொழிந்து உலகமெங்கும் பரவிய வலையில் இந்த இருவழி வசதி இல்லை. இருவழி வேண்டுமென்றால் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் மாறினால் மறுபக்கமும் மாற வேண்டும். முன்பின் தெரியாதவரின் பக்கத்தையும் யாரிடமும் கேட்காமல் சுட்டலாம் என்று விட்டதால்தான் வலை இத்தனை வேகமாக வளர்ந்தது. 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கிய டெட் நெல்சன் இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொண்டதே இல்லை. இணைப்பு என்றால் இரு பக்கமும் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய ஸனாடு திட்டத்தின் அடிப்படை.

நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியலில் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் உங்கள் பெயரையும் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை உங்கள் கைக்கு வந்தால்தான் உங்களுக்குத் தெரியும். வராவிட்டால்? ஊரில் அச்சாகும் அத்தனை பத்திரிகைகளையும் வாங்கி, ஒன்று விடாமல் படித்து, எதெதில் உங்கள் பெயர் இருக்கிறது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். பேக்லிங்க் கருவி செய்யும் வேலை முழுக்க இதுதான். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பத்திரிகையைப் படிக்காமலே பட்டியல் தருகிறேன் என்கிறவர் கையில் பட்டியல் இருக்காது, வேறு ஏதோ இருக்கும்.

கணினி வருவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில், 1873-ல், ஃபிராங்க் ஷெப்பர்ட். அவரைத் தேடிப் போனவர்கள் வழக்கறிஞர்கள். முந்தைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதாடப் போகிறார் ஒரு வக்கீல். அந்தத் தீர்ப்பு இன்னும் செல்லுமா, பிறகு வந்த நீதிபதிகள் அதை ஏற்றார்களா, தள்ளினார்களா? தீர்ப்புத் தொகுதியைப் புரட்டினால் தெரியாது. தனக்குப் பின்னால் யார் தன்னை மேற்கோள் காட்டுவார்கள் என்பது அதில் எப்படி அச்சாகியிருக்கும்? ஷெப்பர்ட் புதிய தீர்ப்புகளையெல்லாம் படித்து, எது எதைச் சுட்டுகிறது என்று தொகுத்து, பின்பக்கம் பசை தடவிய சிறு சீட்டுகளாக அச்சடித்து விற்றார். வக்கீல் அதை நனைத்துப் பழைய தீர்ப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். உலகின் முதல் பேக்லிங்க் அறிக்கை எச்சில் தொட்டு ஒட்டப்பட்ட சீட்டு என்று நான் சொல்வேன்.

பிற்பாடு அது புத்தகமாக வரத் தொடங்கியபோது ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் ஓரெழுத்துக் குறி இருந்தது. பின்பற்றப்பட்டது, வேறுபடுத்திக் காட்டப்பட்டது, விமர்சிக்கப்பட்டது, ரத்தானது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. ஐம்பது வழக்குகள் ஒரு தீர்ப்பைச் சுட்டியிருக்கலாம். அதில் ஒன்றின் பக்கத்தில் 'ரத்து' என்ற குறி இருந்தால் மற்ற நாற்பத்தொன்பதால் பிரயோஜனம் இல்லை. எத்தனை பேர் சுட்டினார்கள் என்பதைவிட எப்படிச் சுட்டினார்கள் என்பது முக்கியம் என்று அந்தச் சீட்டு வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. இன்று பெரிய எழுத்தில் "உங்கள் பேக்லிங்க் 12,480" என்று மட்டும் காட்டிவிட்டு நிற்கும் தளங்களுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருக்கின்றன.

1953-ல் ஷெப்பர்ட் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற வில்லியம் அடேர் என்பவர் யூஜின் கார்ஃபீல்டு என்ற இளைஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் முறையை அறிவியல் கட்டுரைகளுக்கும் செய்து பாரேன் என்பது சாரம். கார்ஃபீல்டு 1955-ல் 'சயன்ஸ்' இதழில் இந்த யோசனையை எழுதினார். 1964-ல் 'சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' என்ற பெரும் அட்டவணை அச்சில் வரத் தொடங்கியது. 613 ஆய்விதழ்கள், சுமார் 14 லட்சம் மேற்கோள்கள். அதன் பின்விளைவு விஞ்ஞானிகளுக்குத் தெரியும். மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்துப் பதவி கொடுக்க ஆரம்பித்ததும், நீ என்னை மேற்கோள் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்ற மொய்க் கணக்கும் ஆரம்பமாகிவிட்டது.

தமிழுக்கும் இந்தத் திசையில் ஒரு வேலை நடந்திருக்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களைத் துருவித் துருவி எழுதப்பட்டது. மூலநூல் ஏடு அழிந்துவிட்டது, அதைச் சுட்டிய விரல் மட்டும் உரைகளில் மிச்சம். பக்கம் செத்துப்போனாலும் பேக்லிங்க் சாவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இனி ஸ்டான்ஃபோர்டுக்குப் போவோம். லாரி பேஜ் அங்கே முனைவர் பட்ட மாணவர். அவருடைய அப்பா கணினி அறிவியல் பேராசிரியர், கல்லூரி வளாகத்தில் வளர்ந்த பிள்ளை, மேற்கோளின் மதிப்பு தெரியும். வலையில் ஒரு பக்கத்தைப் பார்க்கிறோம். இதிலிருந்து எங்கே போகலாம் என்று தெரிகிறது, இங்கே யார் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லையே என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1996 மார்ச்சில் ஒரு சிறு நிரலைத் தன் முகப்புப் பக்கத்திலிருந்து கிளப்பி விட்டார். அது அந்தப் பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பின்தொடரும், போன இடத்தில் உள்ளவற்றையும் தொடரும், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். கிராலர் என்பார்கள். அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் 'பேக்ரப்'. முதுகு தேய்த்துவிடுவது என்று பொருள். பேக்லிங்க்கை வைத்து ஒரு சொல்விளையாட்டு. லாரி தன் கையையே ஸ்கேன் செய்து அதற்கு லோகோவாக வைத்தார்.

ஒரு முகவரியைக் கொடுத்தால் அதைச் சுட்டும் பக்கங்களை முக்கியத்துவ வரிசையில் பேக்ரப் அடுக்கித் தரும். அவ்வளவுதான் ஆரம்பத்தில். 1996 ஆகஸ்ட் கணக்குப்படி 7.5 கோடி முகவரிகளை அது அறிந்திருந்தது, 207 ஜிகாபைட் இறக்கி வைத்திருந்தது. இன்று ஒரு கைப்பேசியில் அடங்கிவிடும் அளவு. அன்றைக்குப் பல்கலைக்கழக நெட்வொர்க்கையே திணற அடித்தது. முக்கியத்துவத்தைக் கணக்கிட லாரியும் சக மாணவர் செர்கே பிரின்னும் சேர்ந்து ஒரு சூத்திரம் கண்டார்கள். எல்லா இணைப்பும் ஒரே மதிப்பு இல்லை, பலரால் சுட்டப்படுகிறவர் சுட்டினால் மதிப்பு கூடும். அதுதான் பேஜ்ரேங்க். இந்த வரிசையைத் தேடலுக்குப் பயன்படுத்தினால் என்ன என்பது பிறகு தோன்றியது. பேக்ரப் கூகுள் ஆனது அப்படித்தான். அதே சமயத்தில் ராபின் லீயின் ரேங்க்டெக்ஸ், ஜான் கிளைன்பெர்க்கின் ஆய்வு என்று வேறு இடங்களிலும் இந்த எண்ணம் முளைவிட்டிருந்தது. லீ பிறகு சீனாவில் பைடுவைத் தொடங்கினார்.

1998-ல் பேஜும் பிரின்னும் எழுதிய கட்டுரையில், 51.8 கோடி இணைப்புகள் கொண்ட வரைபடம் வைத்திருக்கிறோம் என்று சொன்னதோடு, இந்த முறையை வேண்டுமென்றே ஏமாற்றுவது ஏறக்குறைய முடியாது என்ற பொருளிலும் ஒரு வரி எழுதினார்கள். இளமை!

ஏமாற்ற வழி காட்டியதே கூகுள்தான். 2000 டிசம்பரில் பிரவுசருக்கு ஒரு டூல்பார் கொடுத்தார்கள். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதன் பேஜ்ரேங்க் பத்துக்கு எத்தனை என்று ஒரு பச்சைக் கோடு காட்டும். அதுவரை இணைப்பின் மதிப்பு கூகுளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பச்சைக் கோடு வந்ததும் அதற்கு விலைச்சீட்டு ஒட்டியதுபோல் ஆகிவிட்டது. ஏழு மார்க் தளத்தில் இணைப்புக்கு ஒரு விலை, நாலு மார்க்குக்கு ஒரு விலை. விருந்தினர் புத்தகம், கருத்துப் பெட்டி, எங்கே எழுத இடம் இருந்தாலும் அங்கே ஒரு இணைப்பை ஒட்டிவிட்டு ஓடினார்கள். 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இந்த இணைப்பை ஓட்டாக எண்ணாதே என்று பொருள். பச்சைக் கோட்டை அடியோடு நிறுத்த 2016 ஆயிற்று.

சரி, யார் நம்மைச் சுட்டுகிறார்கள் என்று சாதாரண ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள்? 1995 டிசம்பரில் வந்த ஆல்டவிஸ்டாவில் 'லிங்க்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, முகவரியைப் போட்டால் பட்டியல் வரும். அந்தக் காலத்துத் தளக்காரர்கள் காலையில் எழுந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருந்திருக்கும். கூகுளிலும் அதே கட்டளை இருந்தது. ஆனால் ஒரு கைப்பிடி மட்டும் அள்ளிக் காட்டும், மீதியைத் தராது. முழுதாகக் காட்டினால் ஏமாற்றுகிறவன் போட்டியாளனின் இணைப்பு அத்தனையையும் பார்த்துக் காப்பியடிப்பான் என்ற பயம். பேக்லிங்க் பட்டியல் போடத்தான் பிறந்த பிள்ளை, வளர்ந்ததும் அந்தப் பட்டியலைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டது. 2007-ல் அவரவர் தளத்தின் பட்டியலை அவரவருக்குக் காட்டச் சம்மதித்தது. அடுத்தவர் தளத்தைப் பார்க்க யாஹூவின் சைட் எக்ஸ்ப்ளோரர்தான் கதி. அதுவும் 2011 நவம்பரில் மூடப்பட்டது.

இந்த இடைவெளியில்தான் தனிக் கருவிகள் பிறந்தன. இங்கிலாந்தின் பர்மிங்காமில் அலெக்ஸ் சுட்னோவ்ஸ்கி என்பவர் கூகுளுக்குப் போட்டியாக ஒரு தேடுபொறி கட்டுகிறேன் என்று 2004-ல் 'மெஜெஸ்டிக்-12' திட்டத்தை ஆரம்பித்தார். கையில் காசு இல்லை. ஆகவே தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் ஓய்வு நேரத்தில் கிராலர் ஓடும்படி செய்தார். தேடுபொறி கரை சேரவில்லை. ஆனால் வலையைச் சுற்றி வந்ததில் இணைப்புகளின் பெரிய வரைபடம் கையில் மிஞ்சியது. 2008-ல் அதை விற்க ஆரம்பித்தார். இன்று மெஜெஸ்டிக் என்ற பெயரில் இருப்பது அதுதான். அதே 2008 அக்டோபரில் சியாட்டிலில் ராண்ட் ஃபிஷ்கினின் எஸ்.இ.ஓ.மாஸ் 'லிங்க்ஸ்கேப்'பைக் கொண்டுவந்தது. 2010-ல் அது 'ஓப்பன் சைட் எக்ஸ்ப்ளோரர்' ஆனது. நிறுவனத்தின் இன்றைய பெயர் மாஸ். 2011-ல் ஏஹெச்ரெஃப்ஸ் வந்தது. ஹெச்.டி.எம்.எல்.லில் இணைப்பு போடும்போது தட்டும் எழுத்துகளையே பெயராக வைத்துக்கொண்ட நிறுவனம், இன்று சிங்கப்பூரில் இருக்கிறது. பேக்லிங்க் கருவியாக இருந்து தேடுபொறியானது கூகுள். தேடுபொறியாகப் புறப்பட்டு பேக்லிங்க் கருவியானது மெஜெஸ்டிக். ஏஹெச்ரெஃப்ஸ் 2022-ல் 'யெப்' என்ற தேடுபொறியைத் திறந்தது. மூன்றுக்கும் அடியில் இருக்கும் வேலை ஒன்றே: வலையைக் காலால் நடந்து பார்ப்பது.

இந்தக் கருவிகள் வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது 2011 பிப்ரவரியில். அமெரிக்காவின் ஜே.சி. பென்னி பெரிய சில்லறை விற்பனை நிறுவனம். முந்தைய பல மாதங்களாக கூகுளில் உடை என்று தேடினாலும், படுக்கை விரிப்பு என்று தேடினாலும், தரைவிரிப்பு என்று தேடினாலும் முதலில் வந்து நின்றது அவர்கள் கடை. சூட்கேஸ் நிறுவனத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால்கூட அந்த நிறுவனத்துக்கு முன்னால் இவர்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர் டேவிட் சீகலுக்குச் சந்தேகம். தேடல் நிபுணர் ஒருவரிடம் கேட்டார். அவர் ஓப்பன் சைட் எக்ஸ்ப்ளோரரில் போட்டுப் பார்த்தார். 2,015 பக்கங்கள் சிக்கின. உடை சம்பந்தப்பட்ட சொற்களில் இணைப்பு வைத்து எல்லாம் ஜே.சி. பென்னியின் உடைப் பக்கத்தைக் காட்டின. ஆனால் அந்தத் தளங்கள்? குறட்டை, நாய், பல் வைத்தியம், குளியலறை டைல்ஸ், அலுமினியத் தகடு. சில ஆளில்லாத வீடுகள். பல் வைத்தியர் எதற்கு மாலைநேர உடைக்குச் சிபாரிசு செய்கிறார் என்று கேட்க ஒரு மனிதக் கண் வேண்டியிருந்தது. கருவி பட்டியலைக் கொடுத்தது, கேள்வியைக் கேட்டது மனிதர்.

செய்தி அச்சாகும் முன்பே கூகுள் கையை வைத்தது. சில மணி நேரத்தில் முதல் இடத்தில் இருந்தவை எழுபதாம் இடத்துப் பக்கம் போய் விழுந்தன. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றது நிறுவனம். எஸ்.இ.ஓ. பார்த்தவர்களை நீக்கியது.

அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரல் 24-ல், கூகுள் 'பெங்குவின்' என்ற மாற்றத்தை இறக்கியது. காசு கொடுத்து இணைப்பு சேர்த்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கீழே போனார்கள். நேற்றுவரை இணைப்பு விற்றவர்களே மறுநாள் இணைப்பை எடுத்துத் தருகிறோம் என்று போர்டை மாற்றி மாட்டினார்கள். அக்டோபரில் 'டிஸ்அவோ' என்ற வசதி வந்தது. இந்த இணைப்புகளுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று கூகுளுக்கு எழுதிக்கொடுப்பது. பேக்லிங்க் பார்ப்பது அதுவரை ஆசைக்கான வேலை. அன்றிலிருந்து பயத்துக்கான வேலையாகவும் ஆயிற்று. பயம் இருக்கும் இடத்தில் தாயத்து விற்பவர் வருவார் அல்லவா? சந்தேகத் தளங்கள் பெருகியது இப்படித்தான்.

எனக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் தளத்தில் 214 விஷ இணைப்புகள் உள்ளன, உடனே நீக்காவிட்டால் கூகுள் தண்டிக்கும், இலவச அறிக்கைக்கு இங்கே அழுத்தவும். என் தளத்தில் மொத்தமே நாற்பது கட்டுரை. இருநூற்றுப் பதினாலு பேர் விஷம் வைக்கும் அளவுக்கு நான் பெரிய மனிதன் ஆகிவிட்டேனா என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. 'விஷ மதிப்பெண்' என்பது கூகுள் தரும் கணக்கு இல்லை, கருவிக்காரர்களே போட்டுக்கொள்வது. ஏராளமான போலி இணைப்புகள் இருந்து, அவற்றால் கூகுளின் நேரடி நடவடிக்கை வந்திருந்தால், அல்லது வரும்போல் இருந்தால்தான் டிஸ்அவோவைத் தொட வேண்டும், பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையே இல்லை என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது.

அதேபோல்தான் நூற்றுக்கு இத்தனை என்ற மார்க்குகளும். மாஸின் டொமைன் அத்தாரிட்டி, ஏஹெச்ரெஃப்ஸின் டொமைன் ரேட்டிங் (டி.ஆர்.), மெஜெஸ்டிக்கின் டிரஸ்ட் ஃப்ளோ எல்லாம் அந்தந்த நிறுவனம் தன் கிராலர் பார்த்ததை வைத்துப் போடும் சொந்தக் கணக்கு. கூகுள் இவற்றில் ஒன்றையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். ஆனால் சந்தையில் பழைய பச்சைக் கோட்டின் இடத்தில் இவை உட்கார்ந்துவிட்டன. "டி.ஆர். 70 தளத்தில் கெஸ்ட் போஸ்ட்" என்று விற்கிறார்கள். பெரிய தளங்களின் ரீடைரக்ட் ஓட்டை வழியாக இணைப்பு எடுத்து அந்த எழுபதை ஊதிக் காட்டுவது ஒரு தனித் தொழில். அந்தத் தளத்துக்கு ஒரு ஆள் வருகிறானா, கல்யாண மண்டபமும் சூதாட்டமும் கடன் செயலியும் ஒரே பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். இணைப்பு விற்பதற்கென்றே தளக்கூட்டம் நடத்துகிறவர்கள் சோதனைக் கருவிகளின் கிராலர், அதாவது பாட், உள்ளே வராதபடி ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தும் வைப்பார்கள். ஆகவே கருவி காட்டாததால் ஒன்று இல்லை என்றும் ஆகாது. ஒரே தளத்துக்கு மூன்று கருவிகள் மூன்று எண்ணிக்கை சொல்வதும் இதனால்தான். ஒவ்வொன்றின் காலும் ஒவ்வொரு தெருவில் நடந்திருக்கிறது. வித்தியாசம் இருப்பது கோளாறு இல்லை. எந்தத் தெருவிலும் நடக்காமல் எண்ணிக்கை மட்டும் சொல்வதுதான் கோளாறு.

நடந்ததா என்று எப்படித் தெரியும்? உங்கள் சர்வரின் அக்செஸ் லாகைத் திறங்கள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி இருக்கும். ஒரு ஐ.பி. எண், நாளும் நேரமும், கேட்ட பக்கம், 200 என்ற விடை, வரியின் கடைசியில் வந்தவர் பெயர். அதில் ஏஹெச்ரெஃப்ஸ்பாட், மெஜெஸ்டிக்கின் எம்.ஜே.12பாட், செம்ரஷ் என்ற இன்னொரு கருவியின் செம்ரஷ்பாட் எல்லாம் வந்துபோன தடம் கிடக்கும். மெஜெஸ்டிக்-12 என்ற பழைய கனவு இன்னும் எம்.ஜே.12பாட் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு வாஞ்சை வரும். பெயரைப் பொய்யாகவும் போட்டுக்கொள்ளலாம் என்பதால், நேர்மையான நிறுவனங்கள் தங்கள் பாட் யார், எந்த எண்களிலிருந்து வரும், எப்படித் தடுப்பது என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும். ஒரு செக்கர் தளத்துக்குப் போனால் நான் முதலில் தேடுவது இந்தப் பக்கத்தைத்தான். சொந்தக் கிராலர் இல்லாமல் இன்னொருவரின் தரவை வாங்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. தப்பில்லை, யாருடைய தரவு என்று சொல்லிவிட்டால் போதும். காமன் கிரால் என்ற இலவசத் தொகுப்பும் இருக்கிறது. இரண்டையும் சொல்லாமல், எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இடமே வைக்காமல் எண்ணை மட்டும் சுழல விடுகிற தளத்தை அப்படியே மூடிவிடுவேன். இன்னொரு சோதனையும் உண்டு. எனக்குத் தெரிந்த நாளில் போடப்பட்ட ஒரு இணைப்பு காட்டுகிறதா, முதலில் பார்த்த நாள் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். ஒரு மாதம் ஆகியும் காட்டாத கருவி உண்டு. இல்லாத டொமைனைத் தட்டினாலும் 1,300 பேக்லிங்க் என்று கூசாமல் சொன்ன தளமும் உண்டு.

ஆபத்து அதிகம் 'குரூப் பை' கடைகளில். நல்ல கருவிகளின் சந்தா விலை அதிகம், மறுப்பதற்கில்லை. அதைப் பயன்படுத்தி, ஒரே கணக்கை நூறு பேருக்குப் பங்கு போட்டு மாதம் சில நூறு ரூபாய்க்குத் தருகிறோம் என்று டெலிகிராமில் கூவுகிறார்கள். கருவி நிறுவனங்களின் விதிக்கு இது விரோதம் என்பது ஒரு பக்கம். உள்ளே போகச் சொல்லும் வழிதான் பயங்கரம். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் அப்படி ஒன்று வாங்கினார். பாஸ்வேர்டு தரவில்லை, ஒரு குரோம் எக்ஸ்டென்ஷனை ஜிப் கோப்பாக அனுப்பினார்கள். நிறுவும்போது ஒரு பெட்டி வந்தது. நீங்கள் போகும் எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு அத்தனையையும் படிக்கும், மாற்றும் என்று அதில் எழுதியிருந்தது. அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டார். மூன்றாம் வாரம் அவருடைய ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கில் முன்பின் தெரியாத ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பணம் இவர் கார்டிலிருந்து. எக்ஸ்டென்ஷன்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எல்லாத் தளத்திலும் அவராகவே நடமாட அது அனுமதி வாங்கியிருந்தது என்பது அந்தப் பெட்டியிலேயே இருந்தது.

ஒரு பேக்லிங்க் கருவிக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது ஒரு முகவரி மட்டும். உலகத்துக்கே தெரிந்த முகவரி. ஜிமெயில் பாஸ்வேர்டோ, சிபேனல் நுழைவோ, வேர்ட்பிரஸ் அட்மின் உரிமையோ கேட்டால், அவர்கள் சோதிக்க வந்தது உங்கள் இணைப்பை அல்ல. தளம் உங்களுடையது என்று உறுதிப்படுத்தச் சொல்வது வேறு. அதற்கு ஒரு கோப்பையோ டி.என்.எஸ். வரியையோ நீங்களே வைத்துவிட்டு வந்தால் முடிந்தது.

உங்கள் தளத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. கூகுள் சர்ச் கன்சோலில் இடது பட்டியின் கீழ்ப்பகுதியில் 'இணைப்புகள்' என்று இருக்கிறது. பிங்கின் வெப்மாஸ்டர் டூல்ஸ் இலவசம், அதில் அடுத்தவர் தளத்தையும் வைத்து ஒப்பிடலாம். ஏஹெச்ரெஃப்ஸும் தளத்தின் சொந்தக்காரருக்கு ஒரு பகுதியை இலவசமாகத் தருகிறது. அந்த டெலிகிராம் செய்திக்குப் பதில் போடும் முன் முதலில் இவற்றைத் திறந்து, வருகிற பட்டியலில் மேலே உள்ள இருபது பக்கங்களை நீங்களே ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். அரை மணி நேர வேலை.